கன்னிமூலைக் காவும் நம் வைக்கோல் படப்பும்

இன்று காலை உங்கள் தம்பி வெட்டுக்கத்தியோடு வந்து, வீட்டைச் சுற்றிய பறம்பின் தென்மேற்குக் கன்னிமூலையில் ஒரு கொடியை வெட்டிவிட்டார். நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட பச்சைக்கொடியின் கசந்த வாசனை காற்றில் வந்தது. நீங்கள் காவை வெட்டிய வாரம் முழுக்க உங்கள் வேட்டியிலும் தலைமுடியிலும் இருந்த வாசனை அது. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். பாவம், பயந்துபோனார்.

இரணியலிலிருந்து இந்தப் பறம்புக்கு நாம் குடிவந்தபோது அந்த மூலையில் நாகத்துக்கென்று வெட்டாமல் விட்ட சிறு காடாக ஒரு பாம்புக்காவு இருந்தது. விற்றுப்போனவர்கள் பூசை செய்து நாகக்கல்லை எடுத்துப் போயிருந்தார்கள். மரமும் கொடியும் புதரும் மட்டும் மிச்சம். சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவ நின்றால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவீர்கள். உச்சிப் பொந்தில் கூகை, நடுவே கொடிப்பின்னலில் செம்போத்து, கீழே புதருக்குள் கீரி, சருகுக்கடியில் தவளையும் பாம்பும். "எட்டி, இதுவள பாரு. ஒண்ணு மாடியில, ஒண்ணு நடையில, ஒண்ணு அடுக்களையில. ஒருத்தருக்க கண்ணுல ஒருத்தரு படாம எப்பிடிக் குடும்பம் நடத்துதுவ, கேட்டியா!" என்று சிரிப்பீர்கள். உங்கள் அம்மையோடு நான் ஒரே அடுக்களையில் பட்ட பாட்டைத்தான் குத்திக்காட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் வெட்டத்தான் செய்தீர்கள். கிறிஸ்துவைக் கும்பிடுகிற வேதக்காரன் பறம்பில் பாம்புக்காவா என்று கோயில் வாசலில் கேலி செய்தார்கள், அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை நீங்கள். நம் சின்னவன் நடக்கத் தொடங்கி, தத்தித் தத்தி நேரே அந்த மூலைக்கே போனான். அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். கூலிக்கு வந்தவர்களோ கோடாலியைத் தரையில் வைத்துவிட்டு, முதல் வெட்டு நாங்கள் வெட்டமாட்டோம் என்று நின்றார்கள். "இவனுவள நம்பினா விடிஞ்ச மாதிரிதான்" என்று நீங்களே கோடாலியை எடுத்தீர்கள்.

அதன்பிறகு நடந்ததை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கூகைதான் முதலில் போயிற்று. பட்டப்பகலில் பலாமரத்தில் வந்து முழித்துக்கொண்டிருந்தது, காக்கைகள் கொத்தி விரட்டிவிட்டன. செம்போத்தின் சத்தம் நின்றது. கீரி கொஞ்ச நாள் வேலியோரம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிவிட்டு எங்கோ போய்விட்டது. நமக்கோ சந்தோஷம். மூலையெல்லாம் வெளிச்சம், நல்ல காற்று, வரிசையாகத் தென்னம்பிள்ளை. அடுத்த அறுவடைக்குள் எலி வந்தது. மரச்சீனிச் செடியின் தூரைத் தோண்டிக் கிழங்கைத் தின்றது. அறுவடை முடிந்து தொழுவத்தின் பின்னால் வைக்கோல் படப்பு போட்டதும் அதற்குள் குட்டியும் குடும்பமுமாகக் குடியேறிவிட்டது. நீங்கள் ஒரு பூனை கொண்டுவந்தீர்கள். அது பாலைக் குடித்துப் பெருத்ததுதான் மிச்சம்.

எலியைத் தேடி விரியன் வந்ததை நாம் ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று விடிந்ததும் பசுவுக்கு வைக்கோல் பிடுங்கப் போனீர்கள். "முள்ளு குத்திற்றுட்டி" என்றுதான் கையை உதறிக்கொண்டு வந்தீர்கள். பிறகு படப்பைப் பார்த்தோம், வைக்கோலுக்குள் விரியன் சுருண்டு கிடந்தது. மாட்டைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினோம். வழியெல்லாம் என் மடியில் தலைவைத்துக் கிடந்தீர்கள். கை வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. "பிள்ளையள படப்புப் பக்கம் விடாத" என்றீர்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் உச்சிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த பக்கத்துப் பறம்பு தங்கம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ளே, நான் அண்ணைக்கே சொன்னேம்லா. நாகத்துக்க இடத்துல வச்ச கையில்லா? அந்தக் கையிலேயே கொத்திற்றே!" என்றாள். கோடாலி பிடிக்கிற வலக்கையை விட்டு வைக்கோலை யாராவது இடக்கையால் பிடுங்குவார்களா? உபதேசியாரோ, "கர்த்தருக்க சித்தம் மக்களே, கேள்வி கேக்கப்பிடாது" என்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. யாருக்கோ உங்கள் மேல் கோபமாம், அல்லது யாருக்கோ நீங்கள் வேண்டுமாம். நீங்கள் யாருக்கு என்ன செய்தீர்கள்? உங்கள் பிள்ளைக்குப் பயந்தீர்கள், அவ்வளவுதான். காவு இருந்தவரை பாம்பு அதன்பாட்டுக்கு அங்கே கிடந்தது, எலியைக் கூகையும் கீரியும் கவனித்துக்கொண்டன. அவை இருந்த இடத்தை நாம் வெட்டவெளியாக்கினோம். எலிக்கு நம் படப்பு கிடைத்தது, பாம்புக்கு எலி கிடைத்தது. அந்தப் பாம்புக்கு நீங்கள் யார் என்றுகூடத் தெரிந்திருக்காது. இப்படி நினைத்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குத் தெம்பில்லை, எல்லாம் பட்டுப்போயின. வெட்டிய மரக்குற்றிகள் தாமாகத் துளிர்த்தன. கொடி ஏறியது, சருகு விழுந்து மூடியது. நான் வேலி மட்டும் கட்டிவிட்டு, ஒருவரையும் உள்ளே கத்தி வைக்க விடவில்லை. அதனால்தான் இன்று உங்கள் தம்பிக்கு என்மேல் வருத்தம்.

"மயினி, சும்மா கிடக்க இடம்தானே. தெங்கு வச்சா பிள்ளையளுக்கு ஆகும்லா?"

"சும்மா கிடக்கல்ல. அங்க ஆளு இருக்கு."

"என்ன மயினி, நீங்களும் நாகத்துக்கு விளக்கு கொளுத்தப் போறியளா?"

"நான் யாருக்கும் விளக்கும் கொளுத்தல்ல, ஒண்ணும் செய்யல்ல. வெட்டப்பிடாது, அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் போனதில் மயினிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் சொல்லுவார். சொல்லட்டும்.

கொடி அடர்ந்ததும் முதலில் செம்போத்து வந்தது. போன மழைக்குப் பிறகு கீரி குட்டிகளோடு வேலியைக் கடந்து உள்ளே போனதை நானே பார்த்தேன். கூகைக்கு இன்னும் பொந்து இல்லை, ஆனாலும் அந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. படப்பில் இப்போது எலி குறைவு. ஒன்றையும் நான் கூப்பிடவில்லை. இடத்தை விட்டுவைத்தேன், வந்துவிட்டன.

கட்டிலில் சுவரோரம் நீங்கள் படுக்கும் பக்கத்தில் நான் இன்றுவரை கைகூட நீட்டிப் படுத்ததில்லை. பிள்ளைகளைப் படுக்க விட்டதில்லை, துணி மடித்து வைத்ததில்லை. அந்த இடத்தையும் அப்படியேதான் விட்டுவைத்திருக்கிறேன்.