பொங்கல் முடிந்த வீடும் நீ கட்டிவிட்ட கயிறும்

என் செல்ல அத்தைக்கு,

நீ இருக்கும் இடத்தில் போகி உண்டா? உண்டு என்றால் அங்கே இருப்பவர்கள் பாவம். ஓட்டை விழுந்த பிஸ்கட் டின்னைக்கூடத் தூக்கிப் போட விடாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பாய்.

இங்கே பொங்கல் ஒருவழியாக முடிந்தது. வாசல் கோலத்தின் கலர்ப்பொடி என் வண்டி டயரில் ஒட்டிக்கொண்டு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வரை என்னோடு வேலைக்கு வருகிறது. கரும்புச் சக்கை சோபாவுக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறது. டிபன் பாக்ஸ் இருக்கிறது, மூடி இல்லை. இருக்கிற மூடி யாருடைய பாக்ஸுக்கோ உரியது. லீவு முழுக்கக் கைலியோடு புரண்டு கிடந்த உன் பிள்ளையை எழுப்பி, பேண்ட் மாட்டி, கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் ஏற்றுவதற்குள் எனக்கு அரை ஷிப்ட் வேலை முடிந்துவிடுகிறது. முதல் நாள் அவர் பஸ் ஏறும்போது முகத்தைப் பார்க்கணுமே. எல்கேஜியில் விட்டுவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது.

நீ கண்ணை மூடிய வருஷம் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கூடாது, சுவருக்கு வெள்ளை அடிக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் வீடு நீ விட்டுப்போன மாதிரியே அசையாமல் இருந்தது. உன் தெவசம் கொடுத்து முடித்தபின் வந்த முதல் போகி இது. விடுவேனா நான்?

மனசைத் தொட்டுச் சொல்லு, அத்தை. உன்னுடையது அடுக்களையா, காயலான் கடையா? உப்புக்கு வாய் உடைந்த ஊறுகாய் ஜாடி. சர்க்கரைக்கு ரப்பர் பேண்ட் சுற்றிய நெய் டின். டீத்தூளுக்குச் சதுர டப்பா. ஒன்றோடு ஒன்று சேராது. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தவள் நான். அண்ணன் மகள் என்பதால் உன்னிடம் வாய் பேச முடிந்ததே தவிர, ஒரு டப்பாவை ஒரு விரல்கடை நகர்த்த முடிந்ததா?

எல்லாவற்றையும் போகியன்று பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே அளவில், ஒரே மூடியில், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டப்பா செட்டு. ஒவ்வொன்றிலும் அழகாக அச்சடித்த ஸ்டிக்கர். மாமாவின் கட்டிலைக்கூட விடவில்லை. போனில் யாரோ வாஸ்து சொன்னார் என்று வடக்கிலிருந்து தெற்குக்கு இழுத்தேன்.

அப்புறம் அந்தக் கயிறு. பின்வாசலிலிருந்து கொல்லைக் கோடியில் இருக்கும் பாத்ரூம் வரை, இடுப்பு உயரத்தில், பச்சை நைலான் கயிறு ஒன்றைக் கட்டிவைத்திருந்தாயே? அதில் ஒரு கர்ச்சீப் காயப்போட்டால்கூட ஊரைக் கூட்டுவாய். துணி போடக்கூடாத கொடி எதற்கு என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அது கீற எடத்துல இருக்கட்டும், உனக்கு இன்னாடி?" என்பாய். அதை அறுத்துப் பழைய பேப்பரைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, நான் உருட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்தியுமா எடுக்கற, மல்லி?" என்றார்.

"எல்லாத்தையும்தான், மாமா."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

லீவு நாளில் ஒன்றும் தெரியவில்லை. வீடு நிறைய ஆள். மாமா கையை நீட்டுவதற்குள் யாராவது காபியைத் திணித்துவிடுவார்கள். உன் பிள்ளை வேலைக்குப் போய், நானும் அட்டைப்பெட்டி மடிக்கப் போய், பகலில் மாமா மட்டும் வீட்டில் என்று பழைய நடைமுறை திரும்பியதும்தான் கூத்து ஆரம்பித்தது.

முதல் நாள் சாயந்திரம் வந்தேன். "டீ போட்டுக்கிட்டீங்களா, மாமா?"

"போட்டுக்கினேன். சூப்பரா இருந்துச்சு."

அடுப்பங்கரையில் டீப் பாத்திரம். அடியில் கொஞ்சம் மிச்சம். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். ஏன் நக்கினேன் என்று கேட்காதே, என் புத்தி உனக்குத் தெரியும். கடல் தண்ணி! பழவேற்காட்டில் அலையில் குப்புற விழுந்த அன்றைக்குத்தான் அப்படி ஒரு ருசி கண்டிருக்கிறேன். அதைக் குடித்துவிட்டுத்தான் சூப்பர் என்கிறார்.

மறுநாள் மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. குடிக்க வைத்த தண்ணி சொட்டுக் குறையவில்லை. பக்கத்து வீட்டு பிலோமினா சுவரோரம் என்னைக் கூப்பிட்டாள்.

"மல்லிகா, உங்க மாமனாருக்கு இன்னா கோவம்? பகல் பூரா பின்கதவாண்ட நின்னுக்கினே கீறாரு. ஒரு கால வெளிய வைக்கறாரு, உள்ள இழுத்துக்கறாரு. இன்னான்னு கேட்டா காத்து வாங்கறேன்றாரு. ஊட்ல எதுனா பேஜாரா?"

"எங்க ஊட்ல பேஜாருன்னா முதல்ல உனக்குத்தானே தெரியும்!" என்று அனுப்பினேன்.

அந்த வாரமே மாமா அடுக்களை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். செய்தி ஆவடியில் இருக்கும் உன் மகள் சுமதி காதுக்கு எப்படிப் போனதோ, உடனே போன். "அண்ணி, நைனாவுக்கு மறதி வந்துருச்சு. உப்பு எது, சக்கர எதுன்னு தெரியலன்னா வேற இன்னா? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. ஞாயித்துக்கெழம வந்து இட்டுக்கினு போறேன். துணிமணி எடுத்து வை."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா கேட்டுவிட்டார். சுமதியின் வீடு மூன்றாவது மாடி. எதிலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனுஷன், கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் இந்த ஊட்ட வுட்டுப் போவமாட்டேன், மல்லி. என்னை அனுப்பாத."

அடுத்தவர் வீட்டில் ஸ்பூன் விழுந்தால்கூட எனக்குக் காது நீளும். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன பொம்பளை? அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வந்து, சத்தமில்லாமல் ஹால் மூலையில் உட்கார்ந்தேன்.

மாமா எழுந்து வந்தார். என் முகத்துக்கு நேரே கடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை, அத்தை.

அடுக்களையில் புது டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தடவினார். குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார், முகர்ந்தார். எல்லாம் ஒரே உயரம், ஒரே வழுவழுப்பு. வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். படியில் நின்று இடது கையைக் காற்றில் நீட்டினார். இடுப்பு உயரத்தில். அந்தக் கை அங்கே இல்லாத ஒன்றைத் தேடித் தேடித் திரும்பி வந்தது. பாத்ரூமுக்குப் போக முடியாது என்று தெரிந்துதான் தண்ணியே குடிக்காமல் இருந்திருக்கிறார்.

என் வளையல் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

"யாரு? மல்லியா? எவ்ளோ நேரமா கீற?"

"இப்பதான் மாமா வந்தேன்."

"பொய் சொல்லாத. மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுக்கினேதான் கீது."

"எத்தினி வருசமா மாமா இப்பிடி?"

படியிலேயே உட்கார்ந்தார். "கம்பெனில கீறப்பவே ஓரம்லாம் மங்கிப் போச்சு. இப்ப வெளிச்சம் தெரியும். ஆளு அசைஞ்சா தெரியும். சொன்னா ஒரு மூலையில உக்கார வச்சிருவீங்கன்னு பயம். உங்க அத்தை, 'நான் பாத்துக்கறேன், நீ வாய மூடிக்கினு இரு'ன்னா. மூடிக்கினேன்."

இப்போது எனக்கு உன்னிடம் கேட்க ஆயிரம் கேள்வி. அவராக வந்து சொன்னாரா, நீயாகக் கண்டுபிடித்தாயா? தினமும் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பாயே, உன் குரல் மேல் உனக்கே ஆசை என்று நாங்கள் சிரித்தோமே, அதுவும் இதற்குத்தானா? "தோ, செருப்ப வாசல்ல வுட்டுட்டேன், தோ, குடத்த நடுவுல வச்சிக்கீறேன்" என்று செய்கிற வேலையையெல்லாம் ரன்னிங் கமெண்ட்ரி சொல்லிக்கொண்டே செய்வாயே, அதுவும்? வாய் ஓயாத கிழவி என்று உனக்குப் பட்டம் கொடுத்தவளே நான்தானே. மாமா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அதைப் பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே கூரைக்குள் எங்கள் மூக்குக்கு எதிரே இவ்வளவு பெரிய நாடகத்தை எப்படி அத்தை நடத்தினாய்? ஒரு நாளாவது அசந்து வாய் தவறிச் சொல்லிவிடப் பார்த்தாயா?

கயிற்றின் உயரத்தை எப்படி முடிவு செய்திருப்பாய் என்று பார்க்க, நானும் கண்ணை மூடிக்கொண்டு பின்வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். துவைக்கிற கல்லில் கால் இடித்து, துளசிச் செடியைக் கட்டிப் பிடித்து நின்றபோது சுவருக்கு மேலே பிலோமினா தலை.

"இன்னாடி வேண்டுதலு இது? பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு இங்கேர்ந்தே கெளம்பிட்டியா?"

"ஆமா. நீயும் வரியா?" என்றேன். கால் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

உன் பிள்ளைக்குச் சொன்னபோது முதலில் அடித்துப் பேசினார். "நைனாக்குக் கண்ணு தெரியலன்னா எனக்குத் தெரியாதா?" ஆனால் மறுநாள் அவரே லீவு போட்டு மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை போனதுதான், இருக்கிற வெளிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றாராம். முன்னாடியே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும் என்றும் சொன்னாராம்.

இந்த இடத்தில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. நீ கயிறு கட்டியதற்கு உன் காலில் விழலாம் போலிருக்கிறது. டாக்டரிடம் காட்டாததற்கு உன்னைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருக்கிறது. அவர் மானத்தைக் காப்பாற்றினாய். கண்ணை? நீ எதிரில் இருந்தால் கத்தியிருப்பேன், நீ திருப்பிக் கத்தியிருப்பாய், ரெண்டு பேரும் சாயந்திரம் பூ கட்ட உட்கார்ந்திருப்போம். இப்போது நான் மட்டும் கத்த வேண்டியிருக்கிறது. அது நன்றாகவே இல்லை.

பழைய இரும்புக்காரனிடம் உன் டப்பாக்களைக் கேட்டுப் போனேன். எல்லாம் லாரி ஏறிவிட்டதாம். சரி, உன் வரிசையை ஞாபகத்திலிருந்து அப்படியே வைத்துவிடலாம் என்று, சனிக்கிழமை பூராவும் நானும் உன் பிள்ளையும் இறங்கினோம். புது டப்பாக்களில் ஒன்றுக்குச் சணல், ஒன்றுக்குத் துணி, ஒன்றுக்கு என் பழைய வளையல் என்று மாட்டினோம். கயிறும் வாங்கி வந்தோம். மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று தொண்டையைக் கனைத்தார்.

"உங்க அத்தை வச்சா மாதிரியேதான் வைக்கணுமா?"

"ஏன் மாமா, வேணாமா?"

"கட்டில சன்னலாண்ட போட்டு என்னை மானாவாரியா கொசு கடிக்க வுட்டா. கயித்த இடது பக்கம் கட்டிட்டா, எனக்கு வலது கைதான் வாட்டம். சொல்லலாம்னு பாத்தா வாய் வரல. அவ்ளோ பாடுபட்டுக் கட்னவகிட்ட எப்டி சொல்றது?"

அடுக்களைத் தட்டுக்கு ஆணி அடிக்க ஏறியிருந்த உன் பிள்ளை, கையில் சுத்தியலோடு சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. மாமாவும் சிரித்தார். கொஞ்சம் அழுதார் என்றும் நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எனக்கும் எப்போதாவது நாகரிகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சுமதி பெரிய பையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அழுதாள். அழுது முடித்து, "அப்டின்னா இன்னும் மோசம். தனியா எப்டி வுடறது? நைனா, கெளம்பு" என்றாள்.

மாமா எழுந்து, புதுக் கயிற்றில் வலது கையை வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கால் கழுவி வந்தார். வந்து, மகள் முகம் இருக்கும் திசையில் திரும்பி, "உன் ஊட்ல எல்லாத்தியும் நீதான் எனக்கு எடுத்துத் தருவ, இல்ல?" என்றார்.

"ஆமா நைனா. உன்னைத் தாங்கிக்கினு போறேன்."

"அதான் வேணான்றேன்."

சுமதி என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பையை ஓரமாக வைத்துவிட்டு, "டீத்தூள் எதுல கீது, நைனா?" என்று அவரிடமே கேட்டாள். அவர் சொன்னார். சரியாகச் சொன்னார்.

இப்போது எங்கள் நாள் இப்படித்தான் ஓடுகிறது, அத்தை. காலையில் மாமாவுக்கு நான் மருந்து விடுகிறேன். ராத்திரி உன் பிள்ளை. மத்தியானம் பிலோமினா சுவரோரமாக வந்து குரல் கொடுத்துவிட்டு, கூடவே தெருச் செய்தியும் வாசித்துவிட்டுப் போகிறாள். நாங்கள் வரும்போது மாமா பூண்டு உரித்து வைத்திருக்கிறார், சும்மா உட்கார முடியாதாம். நானும் உன்னை மாதிரியே "தோ, வாளிய நடுவுல வைக்கறேன்" என்று தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறேன். அட்டைக் கம்பெனியிலும் அதே பழக்கம் வந்து, சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். இந்த வீட்டில் இனி ஒரு கரண்டியை நகர்த்தினாலும் மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவேன். நீ அவருக்காக எல்லாம் செய்தாய். அவரைக் கேட்டுச் செய்தாயா? அந்த ஒரு விஷயத்திலாவது உன்னை நான் ஜெயிக்கப் போகிறேன், அத்தை. வயிறு எரிந்தால் எரியட்டும்.

உன் அண்ணன் மகளாகப் பிறந்து, உன் மருமகளாகி, உன்னிடம் இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும்,
மல்லிகா