நீ எழுதிவைத்த ஆமர்

உன் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. உள்ளே உன் நோட்டு. அட்டையில் நீலச் சாயத்தோடு உன் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. பிரித்ததும் ஆசிட் வாடை. சாயப்பட்டறையில் எல்லாவற்றிலும் அடிக்கிற வாடைதான். 

மதியச் சோற்றுக்குப் பிறகு பத்து நிமிடம் நீ போனில் எபிரேயம் படிப்பாய். குண்டடத்துப் பக்கம் உங்கள் ஊர்ச் சபையில் வேதம் வாசிப்பவன் நீ. மூலத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்றாய். இதற்கு எந்தக் கம்பெனியில் சம்பளம் கூட்டுவான் என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு சொல்லைக் காட்டினாய். ஆமர். சொன்னான் என்று அர்த்தம். வலமிருந்து இடமாக மூன்றே எழுத்து.

"பக்கத்துக்குப் பக்கம் இதேதான் பங்காளி. இது தெரிஞ்சாப் போதும், ஆரோ என்னமோ சொல்றாங்கன்னு புடிச்சுக்கலாம்."

பழகுவதற்காக, பட்டறையில் யார் என்ன சொன்னாலும் எழுதிவைத்தாய். ஆள் பெயர், அந்த மூன்றெழுத்து, அப்புறம் தமிழில் அவர் சொன்னது. டீக்காரர் ஆமர்: பால் திரிஞ்சுபோச்சுங்க, இன்னிக்கு வரக்காப்பிதான். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த எபிரேயம் அந்த ஒரு சொல்தான்.

என் பெயர் மூன்று பக்கங்களில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே பேச்சு: நாளைக்கு எடுத்தர்றேன்.

எதை என்று நீ எழுதவில்லை. துணிக்குச் சாயமேற்றும் உன் மெஷினில் சூடும் அழுத்தமும் இறங்காமல் மூடியைத் திறக்க முடியாதபடி ஒரு லாக் உண்டு. அதன் சென்சார் கெட்டு, ஆறின பிறகும் மூடி திறக்கவில்லை. ஆர்டர் நிற்கிறது என்று கத்தினார்கள். பட்டறை எலக்ட்ரீஷியன் நான்தான் துண்டு வயர் ஒன்றைக் குறுக்கே போட்டு லாக்கை ஏமாற்றினேன். இரண்டு நிமிட வேலை. நாளைக்கு எடுப்பதாகச் சொன்னது அந்த வயரைத்தான். இனி அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துத் திற என்றேன். நீ செத்த அன்றைக்கு உள்ளே அழுத்தம் இறங்காமலே முள் பூஜ்யத்தில் சிக்கிக்கொண்டது. நீ முள்ளைப் பார்த்துத்தான் திறந்தாய்.

நாளை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். மேனேஜர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். லாக் நன்றாக இருந்தது, நீதான் அவசரப்பட்டுவிட்டாய் என்று எழுதித் தர வேண்டுமாம். "போனவன் வந்து ஒண்ணுஞ் சொல்லப்போறதில்லீங்க தம்பி" என்றார். இரண்டாம் நம்பர் மெஷினிலும் அதே மாதிரி வயர் கிடக்கிறதே என்றேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அதை நாளைக்கு எடுத்துக்கலாங்க" என்றார்.

நேராக அங்கே போனேன். ஒடிசாக்காரர் ஒருவர் மூடியின் கைப்பிடியில் கைவைத்து நின்றிருந்தார். அவரை விலக்கிவிட்டு மெயினை அணைத்து வயரை வெட்டினேன். அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

உன் கடைசி வரிக்குக் கீழே மேனேஜர் பெயரைப் போட்டு, ஆமர் போட்டு, அவர் சொன்னதை எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. நாளை நோட்டை அதிகாரியின் மேசையில் வைப்பேன். முதலில் திறந்து காட்டப்போவது என் பெயர் இருக்கிற பக்கத்தை.