கடைசி வரியில் வைத்த பெயர்

செவ்வாய், இரவு.

மதியம் அதியமான்கோட்டை அருகே பைக் விபத்து. எங்கள் செய்தித் தளத்துக்கு நான்தான் தலைப்பு போட்டேன்: "மொரப்பூர் இளைஞர் பலி. யார் தெரியுமா?" பெயரைக் கடைசி வரியில் வைத்தேன். "பேர மேலயே சொல்லிட்டா உள்ள எவன் வருவான்?" என்பார் எடிட்டர். இன்று அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

நாலு மணிக்கு ஆபீஸ் போனில் ஓர் அம்மா.

"மொரப்பூருங்க. எம் பையன் காத்தால பைக்குல போனான், போன எடுக்க மாட்டேங்கறான். உங்க சேதி வாட்ஸப்புல வந்துச்சு. நெட்டு தீந்துபோச்சுங்க, உள்ள தொறக்க மாட்டேங்குது. பேரு மட்டும் சொல்லுங்களேன்."

சொன்னேன். "எம் பையன் இல்லீங்க" என்று அழுதார். நானும் மூச்சு விட்டேன். போனை வைக்கப் போனேன்.

"கண்ணு, அந்தப் பையன் வூட்ல சொல்லிட்டாங்களா?"

"சொல்லியிருப்பாங்கம்மா" என்றேன்.

அப்போதிருந்து இதே நினைப்பு. யாராவது நேரில் போய்ச் சொல்லியிருப்பார்கள். உறவுக்காரர் யாராவது, பக்கத்து வீட்டுக்காரர் யாராவது. எனக்கு முன்னால் சொல்லியிருப்பார்கள்.

நிருபர் பெயரை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் நான் செய்தியை ஏற்றிவிட்டேன்.