வலக்கையால் இரண்டு வரி

குடவாசல்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஃபாஜிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்ள இம்முறை மனம் வரவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் நடராசன் சம்பா நடவை முடித்துவிட்டார். வந்தால் நீ நடிக்கும் டிவி தொடரைப் பற்றித்தான் பேச்சு. "பறக்கிறவனுக்கு ஒரு கீறல் இல்லைங்கம்மா, கூட நிக்கிற நம்ம தம்பிதான் வாராவாரம் அடி வாங்குது" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு யோசித்தேன். கதாநாயகனுக்கு முகமூடி இருக்கிறது. அவனுக்குப் பதிலாக யார் வேண்டுமானாலும் குதிக்கலாம். உயிர்த்தோழனாக வரும் உனக்கு முகமூடி இல்லை. நீயேதான் குதிக்க வேண்டும்.

நாலு வாரத்துக்கு முன் தீப்பிடித்த கிடங்கின் மாடியிலிருந்து அந்தக் கதாநாயகனைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தாய். மறுவாரமே டீக்கடைக் காட்சியில் இடக்கையால் இட்லி சாப்பிட்டாய். கான்வென்டில் படித்தவள் பெற்ற பிள்ளை, பிஸ்மி சொல்லி வளர்ந்த பிள்ளை, ஊர் பார்க்கப் பீச்சாங்கையால் சாப்பிடுவதா என்று கடுமையாகச் செய்தி அனுப்பினேன். காட்சிக்காகத்தான் அம்மா என்று பதில் தட்டினாய். நானும் நம்பினேன்.

நேற்று அந்த நண்பனைக் காப்பாற்ற நீ ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறாய். கையை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். அது உன் கை இல்லை, ஃபாஜில். பள்ளி வேன் கதவில் நசுங்கிய உன் வலது கட்டைவிரலுக்கு ஒரு மாதம் மருந்து போட்டவள் நான். அந்தத் தழும்பு அதில் இல்லை. குதிக்க ஆள் வைக்காதவர்கள் கையெழுத்துப் போட மட்டும் எதற்கு ஆள் வைத்தார்கள்? இத்தனை நாளாய் நீ வீடியோவில் வராமல் குரலை மட்டும் அனுப்பியது ஏன் என்று நேற்றுத்தான் புரிந்தது.

உன் அத்தா மவுத்தாகி நம்மை விட்டுப் போன வருடம், நடிக்கப் போகாதே என்று சண்டை போட்டேன். அதற்காகத்தான் கையில் அடிபட்டதை மறைக்கிறாய். அப்போதே சொன்னேனே என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் வாக்கு மாறியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

இத்துடன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். வலக்கையால் இரண்டு வரி எழுதிப் போடு. விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவள்தான் நான். இம்முறை எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் திருத்தமாட்டேன்.

எழுத முடியவில்லை என்றால் வேறு யாரையும் எழுதச் சொல்லாதே. வெறும் உறையை ஒட்டிப் போடு. கிடைத்த அன்றே சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவேன். என் முட்டிவலியைப் பற்றி நீ பேச வேண்டாம். உனக்குச் சோறு ஊட்ட என் வலக்கை நன்றாகத்தான் இருக்கிறது.

ரப்பு உன்னைக் கைவிடமாட்டான்.

துஆவுடன்,
அம்மா
ரஹ்மத் பீவி