நாலு தள்ளி, மூன்று தள்ளி

கீபோர்ட் வந்தபின் கொட்டாஞ்சேனை வேதக் கோயில் மூலையில் கிடந்த கால்மிதி ஆர்மோனியத்தை இன்று காலை திறந்தேன். நீ ஒட்டிய மூன்று பிளாஸ்டர் துண்டுகளும் மஞ்சளாகிப்போய் இன்னும் கட்டைகளில் இருக்கின்றன. எனக்கு எழுதத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

யுத்த காலம். குண்டு வெடித்த அதிர்ச்சியில் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து உன் இடது கையைக் கிழித்தது. திருநாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பங்குச் சுவாமி மனமிரங்கி, இந்த முறை பாட்டுக்குக் கசட் போடலாம் என்றார். கல்யாணமான வருடம் தொட்டு ஒரு திருநாளும் விடாமல் வாசித்தவள் நீ. அன்று சோற்றைத் தொடவில்லை.

"என்ரை இடது கையைத் தாறன்" என்றேன்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த கை. வலது கையால் நீ பாட்டைப் பிடிக்க, அடியில் நான் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும். பாட்டு மாறுகிற மூன்று இடத்துக்கும் ஒவ்வொரு கட்டையில் பிளாஸ்டர் ஒட்டினாய்; எந்த இடமோ அந்தப் பிளாஸ்டர் கட்டையில் சுண்டுவிரல். அங்கிருந்து கறுப்பு வெள்ளை ஒன்றும் விடாமல் நாலு தள்ளி ஒன்று, அதிலிருந்து மூன்று தள்ளி இன்னொன்று என்றாய். எண்ணி அமுக்கினேன். பூனைகள் சண்டை பிடித்த மாதிரி இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு, செத்த நாளையும் சேர்த்து எண்ணுகிற சனம் அல்லவா நாங்கள்? பிளாஸ்டர் கட்டையையே ஒன்று என்று எண்ணியிருந்தேன். கை கிழிந்தபிறகு அன்றுதான் நீ சிரித்தாய்.

"நிக்கிற படியை ஆராவது எண்ணுவினமே? கால் வைக்கிற படியை எண்ணுங்கோ."

அதோடு சரிவந்தது. நடுக்கட்டையை மட்டும் ஒன்று இறக்கினால், மூன்று முந்தி, நாலு பிந்தி, அதே பாட்டு அழும் என்றும் காட்டினாய். பாடகர் குழுவிலிருந்த என் துறைமுகக் கூட்டாளி மட்டும் விடவில்லை. "மச்சான், உன்ரை கைக்கு இது வேண்டாம், கிரேனைப் பிடி" என்றான்.

திருநாளன்று ஒரே வாங்குப் பலகையில் இரண்டு பேர். மிதித்தது உன் கால். முதல் மூன்று கட்டைகளின் சத்தமும் ஒன்றாய் எழும்ப, சுவாமி திரும்பிப் பார்த்தார். கூட்டாளி பாட மறந்து நின்றான்.

இன்று உன் முப்பத்தோராம் நாள் பூசை. அதை நீ போன நாளையும் சேர்த்துத்தான் எண்ணினேன்; கட்டைகளை நீ சொன்னபடி. வாங்கின் வலப்பக்கத்தை உனக்கு விட்டு, இடது கையால் அந்தத் திருநாள் பாட்டை அமுக்கினேன். உன் பக்கத்தைக் கோயில் முழுவதும் எழும்பி நின்று பாடியது.

ஒரு கட்டையும் பிழைக்கவில்லை.