அவசர பட்டன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் நலத்தை உங்களிடம் விசாரித்துப் பயனில்லை என்பதால் உங்கள் அக்காவிடம் விசாரித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஒன்பதாவது மாடிக்குச் சற்றுக் கீழே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மேலாளர் மாட்டிக்கொண்டார். "மெக்கானிக் வந்திருக்கேன், பயப்படாதீங்க சார்" என்று குரல் கொடுத்தேன்.

"நீயா? ஆம்பள யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரு சார். நாளைக்குத்தான் டியூட்டி. வெயிட் பண்றீங்களா?"

இருபது நிமிடத்தில் கதவைத் திறந்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. நன்றி சொல்வார் என்று பார்த்தால், "நான் அழுதத யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, மானம் போயிடும்" என்றார். என்னை நம்பாததற்கும் ஆம்பளை என்பதே காரணம், அழுததை மறைப்பதற்கும் அதுவே காரணம். இதோடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது?

இப்போது உங்களிடம் வருகிறேன். பத்து நாளாக நெஞ்சு வலிக்கிறதாமே? டாக்டரிடம் போகக் கூப்பிட்ட அக்காவிடம், "ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியாக்கா?" என்றீர்களாம். அந்த மேலாளர் அவசர பட்டனையாவது அழுத்தினார்.

நாளைக் காலையே அக்காவோடு போங்கள். டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. கம்பெனி கொடுக்கும் கையுறைகள் எல்லாம் ஆண்கள் அளவு. நீங்கள் தைத்துக் கொடுத்த ஜோடி விரல் நுனியில் கிழிந்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். அவசரமில்லை, ஆனால் நீங்கள்தான் தைக்க வேண்டும். வேறு யாருக்கும் என் கை அளவு தெரியாது.

கீழே கம்பெனி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மெக்கானிக்