சிவப்பு நூல் காஜா

ஜூன் 4

என் குட்டிம்மாவுக்கு,

உன் அப்பா நான் இன்னும் ஊசியில் நூல் கோர்க்கிறேன். என்ன, ஆறாவது முயற்சியில். போனில் நீ பேசினால் எனக்கு ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கிறது, அதனால் தாளும் பேனாவும்.

சிரிக்காமல் படி. ஒரு மாதமாக ஒருவர் என் பின்னாலேயே வருகிறார். டீக்கடையில் அடுத்த பெஞ்சு, மருந்துக்கடையில் எனக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்தில் மறுபடி அவரே. கையில் மடக்குக் குடை. பின்தொடர நான் என்ன மந்திரியா? பேண்ட்டுக்கு ஜிப்பு மாற்றுகிற டெய்லர். 'எல்லாம் தற்செயல்தான், பேசாமல் வேலையைப் பாருடா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நேற்று அவர் போட்டிருந்தது, மாப்பிள்ளைக்கு நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டை! கடைசிப் பட்டன் ஓட்டைக்கு மட்டும் சிவப்பு நூலில் காஜா. நம் வீட்டு ஆட்களுக்குத்தானே அப்படிப் போடுவேன்? சட்டை உங்களிடம் இருக்கிறதா, பார்த்து எழுது.

அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பா,

சட்டை இங்கேதான் அலமாரியில் தொங்குகிறது. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். அந்தக் குடைக்காரர் பக்கத்தில் குடியிருப்பவராக இருக்கும், எதிரே வரத்தான் செய்வார். ஏப்ரலில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தாரே, அன்றிலிருந்தே இவ்வளவு தூரத்தில் இருக்கிற எனக்குத் தூக்கமே இல்லை. டாக்டரைப் பாருங்கள் அப்பா. அடம் பிடிக்காதீர்கள்.

உங்கள் குட்டிம்மா


ஜூலை 8

குட்டிம்மா,

டாக்டரைப் பார்த்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "அது பள்ளிக்கூடத்துலயே வரல சார், அதான் டெய்லர் ஆயிட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் குடைக்காரர். அதே சட்டை. துணிந்து கேட்டேவிட்டேன்.

"யாருங்க நீங்க? எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"நானா? உங்களை இப்பத்தாங்க பாக்கறேன் பெரியவரே."

குனிந்து பார்த்தேன். சிவப்புக் காஜா. உன் அலமாரியில் தொங்குகிற சட்டை இங்கே எப்படி என் கண்ணுக்குத் தெரியும்? அப்படியென்றால் கோளாறு என் மண்டையில்தான்.

அதற்குப் பிறகு டேப்பை எத்தனை தடவை வைத்து அளந்தாலும் நம்பிக்கை வரவில்லை. வெட்ட வைத்திருந்த துணிகளையெல்லாம் அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கடையை மூடிவிட்டேன். மெஷினையும் கொடுத்தாயிற்று. மாதக் கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

அப்பா


ஜூலை 20

அப்பா,

எங்கேயும் போகாதீர்கள். உங்கள் மண்டையில் ஒரு கோளாறும் இல்லை. அவர் மாப்பிள்ளையின் சிநேகிதர். பால் விஷயத்துக்குப் பிறகு, உங்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னது நான்தான். முன்பே சொல்லியிருந்தால் "எனக்கு எதுக்குடி காவல்காரன்?" என்று விரட்டியிருப்பீர்கள். போன வருடம் அவர் இங்கே வந்தபோது பெட்டி தொலைந்துவிட்டது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தோம். நீங்கள் கண்டுபிடித்ததும் பயந்துபோய்ப் பொய் எழுதினேன். அலமாரியில் அது இல்லை அப்பா. அவரே நேரில் வந்து சொல்வார். மெஷினைத் திரும்ப வாங்குங்கள். என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள்.

குட்டிம்மா


ஆகஸ்ட் 5

குட்டிம்மா,

இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது. குடைக்காரர் வந்தார். பாவம், அழுதேவிட்டார். நீ எழுதியதை வரி பிசகாமல் சொன்னார். நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறாய். சின்ன வயதில் உன் கவுனை நான் ஒரு பக்கம் ஏற்றித் தைத்துவிட்டால், "எனக்கு இப்படித்தான்பா பிடிக்கும்" என்று போட்டுக்கொண்டு போவாயே, அதே பிள்ளைதான் நீ.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் சட்டை தொங்குகிறது, இன்னொன்றில் இல்லை. இரண்டும் உன் கையெழுத்து. எது நிஜமாக வந்தது, எது நானாக நினைத்துக்கொண்டது? பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "எனக்குக் கண்ணு தெரியாது. நீங்களே சொல்லுங்க, நம்பிக்கறேன்" என்றார். என்னை நம்ப ஊரில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார், பார்.

இனிமேல் எழுதும்போது தாளின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு அனுப்பு. உன்னுடையதுதான் என்று தெரிந்துகொள்வேன்.

வேண்டாம். அதையும் நான்தான் போட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா